ஆயாம்மா ஊருக்குப் போகிறார், இனி பிள்ளைகளோடு விளையாடுவது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஆறு வருடம் கழித்துத் தன் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினார். பிள்ளைகளுக்கு அவர் ஆயாம்மா. எனக்கும் என் கணவருக்கும் அப்படித்தான். அப்போது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. அவர் போகிறார் என்று தெரிந்ததும் காலையில் குளிப்பாட்டுவது யார், மாலையில் கூட்டிவருவது யார் என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டோம். "அப்போ எங்ககூட யார் விளையாடுவா?" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வி எங்கள் பட்டியலிலேயே இல்லை.

அதற்கப்புறம் இதே நிலையில் இருந்த பலர் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மனநல நிபுணர் இல்லை. படித்ததும் பட்டதும் கலந்து சொல்கிறேன்.

குழந்தையிடம் எப்போது சொல்வது?

மூன்று வயதுக் குழந்தைக்கு 'அடுத்த மாதம்' என்பது வெறும் சத்தம். அந்த வயதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் சொன்னால் போதும். ஆறேழு வயதென்றால் மூன்று நான்கு வாரம் கொடுங்கள். எந்த வயதாக இருந்தாலும், நீங்கள் போனில் யாரிடமோ பேசுவதிலிருந்து அவர்கள் தெரிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது.

நாட்களைக் கண்ணால் பார்க்கும்படி செய்தால் சின்னவர்களுக்குப் புரிகிறது. நாங்கள் காகித வளையங்களைக் கோத்து ஒரு சங்கிலி செய்தோம், தினமும் இரவில் ஒரு வளையத்தைக் கிழிப்பது என்று ஏற்பாடு. ஒருநாள் எண்ணிப் பார்த்தால் இரண்டு வளையம் கூடுதலாக இருந்தது. மகள் யாருக்கும் தெரியாமல் ஒட்டியிருக்கிறாள். நான் என்ன சொல்வது என்று திணறிக்கொண்டிருக்க, ஆயாம்மாதான் "அந்த ரெண்டையும் கிழிக்க வேணாம் கண்ணு, நான் ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார். எடுத்துக்கொண்டும் போனார்.

காரணத்தை எப்படிச் சொல்வது? கொஞ்சம் பூசி மெழுகினால் தப்பா?

தப்புதான். "லீவுல போறாங்க, வந்துடுவாங்க" என்று சொன்னால் குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தூங்கும்போது கிளம்பிவிடச் சொல்வது இன்னும் மோசம். அன்றைக்கு அழுகை மிச்சம்தான். ஆனால் அடுத்து எத்தனை இரவுகள் அந்தக் குழந்தை தூங்கப் பயப்படும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணை மூடினால் யாரோ காணாமல் போகிறார்கள் என்பதுதான் அது கற்றுக்கொண்ட பாடம்.

ஒரு வாக்கியம் போதும்: "ஆயாம்மாவோட பொண்ணுக்குப் பாப்பா பிறந்திருக்கு, அதைப் பார்த்துக்கப் போறாங்க, இனி இங்க வேலைக்கு வரமாட்டாங்க." அதோடு சேர்த்து, "நீ எதுவும் தப்பு செஞ்சதால இல்லை" என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தாங்களே காரணம் என்று நினைப்பவர்கள். அதிலும், "நீ இப்படிப் படுத்தினா ஆயா போயிடுவாங்க" என்று என்றைக்காவது மிரட்டியிருந்தால் (நான் மிரட்டியிருக்கிறேன்) அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். "அன்னைக்குக் கோபத்துல சொன்னேன், அது பொய்" என்றேன். மகள் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயா தானாகப் போகவில்லை, நீங்கள்தான் நிறுத்துகிறீர்கள் என்றாலும் பழியை அவர்மேல் போடாதீர்கள். குழந்தையின் அன்புக்குரிய ஒருவரைக் குழந்தையின் முன்னால் குறைசொல்வது குழந்தையைக் குறைசொல்வதுதான்.

என்னைவிட அவர்மேல்தான் பாசம் அதிகம். அவர் போவதில் எனக்குள்ளே ஒரு நிம்மதிகூட இருக்கிறது. நான் கெட்ட அம்மாவா?

இல்லை. இதை வெளியே சொல்கிறவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

குழந்தையின் பிணைப்பைப் பற்றி இன்று உலகம் பேசுகிற பேச்சுக்கு அடித்தளம் போட்டவர் ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர். 1907இல் பிறந்தவர். வசதியான குடும்பம், ஆகவே அன்றைய வழக்கப்படி தாயை நாளுக்குச் சிறிது நேரம்தான் பார்ப்பார், மற்றபடி வளர்ந்தது ஆயாவின் கையில். அவருக்கு ஏறக்குறைய நான்கு வயதாக இருக்கும்போது அந்த ஆயா வேலையை விட்டுப் போனார். பெரியவரானபின் அந்தப் பிரிவைத் தாயை இழந்ததற்கு ஒப்பாகவே பேசினார். ஆயா போவது சின்ன விஷயம், இரண்டு நாளில் மறந்துவிடும் என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதே துறையில் உங்களுக்கு ஆறுதலான செய்தியும் இருக்கிறது. ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைப் பிறந்த சில வாரங்களிலிருந்து தொடர்ந்து கவனித்து 1964இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. யார் ஊட்டினார், யார் துணி மாற்றினார் என்பதைவிட, யார் குழந்தையின் சைகைக்கு உடனுக்குடன் பதில் தந்தார் என்பதுதான் கணக்கில் வந்தது. அப்படியென்றால் குழந்தை அவருக்குத் தந்த பாசம் உங்கள் பங்கிலிருந்து வெட்டி எடுத்தது இல்லை. அவர் கிளம்புவதால் அது தானாக உங்கள் கணக்கில் வந்து சேரவும் சேராது.

தமிழில் இதற்குத் தனிச்சொல்லே உண்டு. சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவருக்கும் தனித்தனியாகப் பேச இடம் உண்டு. ஒருத்தி பேசுவதால் இன்னொருத்தி வாயை மூடிக்கொள்வதில்லை. அங்கே மகள் காதலனோடு போய்விடுகிறாள், செவிலி தேடி அலைகிறாள், அவள் ஆடிய பந்தைப் பார்த்து நற்றாய் கலங்குகிறாள். நம் வீட்டில் போகிறவர் செவிலி. பந்து என்னவோ இங்கேயும் மூலையில்தான் கிடக்கிறது.

உண்மையைச் சொன்னால், எனக்கு விளையாடவே தெரியவில்லை. உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கை போனைத் தேடுகிறது. என்ன செய்வது?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

எங்கள் வீட்டிலும் அதே கதை. ஆயாம்மா கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை நானே விளையாடுகிறேன் என்று தரையில் உட்கார்ந்தேன். கட்டைகளை அடுக்கினான் மகன். "இது என்ன நிறம்? இது எத்தனை? பெரிசு எது?" என்று கேட்டேன். "வீடு கட்டலாமா? இப்படி வை, இல்லேன்னா விழும்." ஐந்து நிமிடத்தில் எழுந்து ஆயாம்மாவிடம் போய்விட்டான். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீங்க பரீட்சை வைக்கிறீங்கம்மா."

பிறகு அவர் எப்படி விளையாடுகிறார் என்று ஒரு வாரம் சும்மா பார்த்தேன். அவர் எதுவுமே செய்யவில்லை! பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் கட்டையை வைத்தால் "வச்சாச்சு" என்றார். விழுந்தால் "அய்யோ, விழுந்துடுச்சே" என்றார். "ஆயாம்மா, நீங்க திருடன்" என்றால் திருடன் ஆனார். பிடிபடு என்றால் பிடிபட்டார். அவராக ஒரு யோசனையும் தரவில்லை.

இதை ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1960களில் அமெரிக்காவில் பெர்னார்ட் கர்னியும் லூயிஸ் கர்னியும் குழந்தையோடு விளையாடும் வேலையை நிபுணர் செய்வதற்குப் பதிலாகப் பெற்றோருக்கே அதைக் கற்றுத்தரலாம் என்று ஆரம்பித்தார்கள். 1970களில் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய இன்னொரு முறையில், தினமும் ஐந்து நிமிடம் குழந்தை சொல்கிறபடி விளையாடுவதுதான் பெற்றோருக்கு வீட்டுப்பாடம். அந்த ஐந்து நிமிடத்தில் மூன்று விஷயம் கூடாது: கேள்வி, கட்டளை, குறை. குழந்தை செய்வதை வாயால் சொல்லலாம், அது சொன்னதைத் திரும்பச் சொல்லலாம், பிடித்ததைப் பாராட்டலாம், கூடவே அதைச் செய்யலாம்.

கேள்வி கேட்காமல் ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள். எனக்கு முதல் நாள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. நமக்குக் குழந்தையோடு பேசுவது என்றாலே கேட்பதுதான் என்று ஆகிவிட்டது.

சலிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே பொம்மைக்கு நாற்பதாவது தடவை ஊசி போடுவது சலிக்கத்தான் செய்யும். சலிக்காதவர்போல நடிக்க வேண்டாம். நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள், சட்டைப் பையில் இருந்தாலும் அதன் இழுப்பு இருக்கும். அரை மனதோடு ஒரு மணி நேரம் உட்காருவதைவிட முழு மனதோடு பத்து நிமிடம் மேல். அந்தப் பத்து நிமிடம் தினமும் ஏறக்குறைய அதே வேளையில் வர வேண்டும், அது முக்கியம். குறும்பு செய்ததற்குத் தண்டனையாக அதை ரத்து செய்யாதீர்கள். குறும்பு செய்த நாளில்தான் அது அதிகம் தேவைப்படும்.

ஆயா இருக்கும்போதே ஆரம்பிக்கலாமா, போனபிறகா?

இருக்கும்போதே. கடைசி இரண்டு மூன்று வாரம் நீங்களும் அந்த விளையாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். எந்தப் பொம்மைக்கு என்ன பெயர், கட்டில் எப்போது கப்பல் ஆகும், தூங்கும் முன் சொல்லும் கதையில் யானைக்கு எந்தக் கால் வலிக்கும் என்பதெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர் தலையில் இருக்கிறது. நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மருந்து அளவை எழுதிக்கொண்ட அதே நோட்டில்தான், அடுத்த பக்கத்தில்.

ஆனால் "ஆயாம்மா இப்படிச் செய்யமாட்டாங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறாளே?

சொல்வாள். சொல்லட்டும். "அவங்க எப்படிச் செய்வாங்க? காட்டு" என்று கேட்டால் போதும். (கேள்வி கூடாது என்றேன், இதற்கு மட்டும் விலக்கு.) அவள் வாத்தியார் ஆகிவிடுவாள். உங்களுக்குக் கற்றுத்தரும் சாக்கில் ஆயாம்மாவைப் பற்றி நிறையப் பேசுவாள். நீங்கள் அவரை மாதிரியே செய்துவிட முடியாது, செய்யவும் வேண்டாம். என் குரலில் அந்த யானைக் கதை வேறு மாதிரிதான் வந்தது. என் மகன் இரண்டு வாரம் திருத்திப் பார்த்தான், பிறகு யானைக்குப் பதிலாக ஒரு லாரியைக் கொண்டுவந்தான். லாரிக் கதை எங்களுடையது.

மகன் 'ஆயா போகிற விளையாட்டையே' திரும்பத் திரும்ப ஆடுகிறான். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். அவனுக்கு அது வேலை.

ஃபிராய்ட் 1920இல் எழுதிய ஒரு குறிப்பு இதற்குப் பிரபலம். அவருடைய ஒன்றரை வயதுப் பேரன் நூல் கட்டிய மரக்கட்டை ஒன்றைக் கட்டிலுக்கு அப்பால் எறிவான், அது மறைந்ததும் 'ஓ' என்பான், நூலைப் பிடித்து இழுத்து அது திரும்பி வந்ததும் மகிழ்ச்சியோடு வரவேற்பான். மறுபடி எறிவான். அம்மா வெளியே போய்வருவதைத்தான் குழந்தை தன் கையால் நடத்திப் பார்க்கிறது என்றார் ஃபிராய்ட். நிஜத்தில் பிரிவு அவனுக்கு நேர்கிறது. ஆட்டத்தில் பிரிவை அவனே நடத்துகிறான். கண்ணாமூச்சியில் இருக்கும் சுகமும் ஏறக்குறைய அதுதான்: காணோம், காணோம், இதோ!

என் மகன் ஒரு பையில் சொப்புச் சாமான்களைத் திணித்துக்கொண்டு "நான் ஊருக்குப் போறேன்" என்று வாசல்வரை போவான். நான் அழ வேண்டும், அதுதான் எனக்குக் கொடுத்த பாத்திரம். முதல் சில தடவை "போகாதீங்க, உடனே வந்துடுங்க" என்று வசனத்தை நானே மாற்றப் பார்த்தேன். "இல்ல, நீ அழணும், நான் வரமாட்டேன்" என்றான் கறாராக. சரி, அழுதேன். ஒருநாள் நிஜமாகவே அழுதுவிட்டேன், அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் இது நடந்தது. அப்புறம் அந்தப் பை பேருந்து ஆயிற்று, டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தான்.

கதையை நல்லபடியாக முடித்து வைக்க வேண்டும் என்று நமக்குக் கை துறுதுறுக்கும். அதை அடக்குவதுதான் கஷ்டம்.

அவள் அழவே இல்லை. நல்லதுதானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்திருந்த சிறு குழந்தைகளைக் கவனித்தவர், 1952இல் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படமாகவே எடுத்துக் காட்டினார். குழந்தை முதலில் கத்தி எதிர்க்கும், பிறகு சோர்ந்துபோகும், அதற்கும் பிறகு எதுவும் நடக்காததுபோல ஒட்டாமல் இருக்கும். அந்த மூன்றாவது நிலையைத்தான் அதுவரை 'பழகிவிட்டது' என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் கூடவே இருக்கும் வீட்டில் ஆயா போவது அந்த அளவுக்குக் கடுமையானது அல்ல. ஆனாலும் அமைதியைக் கண்டு ஏமாற வேண்டாம். துக்கம் அழுகையாகத்தான் வரும் என்று இல்லை. படுக்கையை நனைப்பது, தம்பியை அடிப்பது, சாக்ஸ் சரியாக இல்லை என்று அரை மணி நேரம் ரகளை செய்வது, எல்லாம் அதே ஊற்றிலிருந்து வரலாம்.

பெரியவளுக்கு ஒன்பது வயது. "நான் என்ன பாப்பாவா?" என்கிறாள். அவளோடு எப்படி?

பொம்மையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த வயதில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒன்றைச் செய்வதே விளையாட்டு: சீட்டு, சதுரங்கம், சுவரில் பந்தடிப்பது, அவளுக்குப் பிடித்த வீடியோ கேமில் நீங்கள் கேவலமாகத் தோற்பது. கடைசியாகச் சொன்னதுக்கு மதிப்பு அதிகம். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாத வேலையில்தான் பேச்சு வரும். பெரிய பிள்ளைக்கு ஆயாவோடு பழகிய வருடங்களும் அதிகம் என்பதை மறந்துவிடுகிறோம்.

அப்பாக்களுக்கு ஏதாவது?

என் கணவரின் பங்கு தலையணைச் சண்டையும் உப்புமூட்டையும்தான். "அடிதடியைக் கிளப்பிவிடாதீங்க, தூங்கவே மாட்டாங்க" என்று நான் தடுத்துக்கொண்டே இருந்தேன். நான் செய்தது தப்பு. பிள்ளைகள் அந்த வாரங்களில் வயிறு வலிக்கச் சிரித்தது அதில்தான். ஒரே விதி, 'நிறுத்து' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இன்னொன்று, பெரியவர் அடிக்கடி தோற்க வேண்டும். எலிகளின் விளையாட்டை ஆராய்ந்த யாக் பாங்க்செப், பெரிய எலி எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்தால் சின்ன எலி விளையாட அழைப்பதையே விட்டுவிடும் என்கிறார். எங்கள் வீட்டில் அப்பா தோற்கும் அழகைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

கடைசி நாளை எப்படி நடத்துவது?

விழாவாக்க வேண்டாம். வழக்கமான நாளாகவே போகட்டும், கடைசியில் வெளிச்சத்தில், எல்லோரும் விழித்திருக்கும்போது, வாய்விட்டு 'போயிட்டு வரேன்' சொல்லட்டும். குழந்தை கட்டிக்கொள்ள மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். என் மகள் ஆயாம்மாவிடம் 'டூ' விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கதவுக்கு வெளியே நின்று சத்தமாக ஒன்று, இரண்டு என்று நூறுவரை எண்ணினார், ஒளிந்து விளையாடும்போது எண்ணுவதுபோல. நூறு ஆனதும் கதவு திறந்தது.

அவருடைய பழைய போர்வையையோ துண்டையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் இப்படி ஒரு பொருளைப் பற்றிக்கொள்வதைப் பற்றி வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தைநல மருத்துவர் 1953லேயே விரிவாக எழுதிவிட்டார். அவசரப்பட்டுத் துவைத்துவிடாதீர்கள், வாசனைதான் அதில் விஷயம்.

ஆயாவுக்கு நாம் என்ன செய்ய வேண்டும்?

சம்பள பாக்கி, கூடுதல் தொகை எதையும் இழுத்தடிக்காமல் முன்னதாகவே முடித்துவிடுங்கள். கடைசி நாளில் பணப்பேச்சு இருக்கக் கூடாது. பிறகு, அவரும் ஒரு குழந்தையைப் பிரிகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். நம் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல அம்மா அப்பா இருக்கிறார்கள், அவரிடம் யார் கேட்பார்கள்? கடைசி வாரத்தில் ஒரு மாலை நான் அவரிடம் "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்பது கேட்டபிறகுதான் உறைத்தது.

போனபிறகு வீடியோ காலில் பேச வைக்கலாமா? பழசைக் கிளறுவதாக ஆகாதா?

பேச வைக்கலாம், அவருக்கும் விருப்பம் இருந்தால். "வாரா வாரம் பேசுவாங்க" என்று உங்கள் வாயால் வாக்கு கொடுக்காதீர்கள், அவருக்கு இப்போது அங்கே ஒரு வீடு இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை திரையில் முகத்தைப் பார்த்து ஓடிவிடும், அதற்காக அவர் மனம் புண்பட வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். பேசியபின் குழந்தை அழுதால் அது கிளறியதால் வந்த அழுகை இல்லை, ஏற்கனவே உள்ளே இருந்ததுதான்.

புது ஆயாவை உடனே வைக்கலாமா?

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம், அதில் குற்றவுணர்வு வேண்டாம். முடிந்தால் சில நாள் இடைவெளி விடுங்கள். புதியவரைப் பழைய பெயரில் கூப்பிடச் சொல்லாதீர்கள். அப்புறம், அந்தப் பத்து நிமிட விளையாட்டை மட்டும் அவரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

சில வாரங்கள் தூக்கம் கெடுவது, ஒட்டிக்கொண்டே திரிவது, பழகிய பழக்கங்களில் பின்னால் போவது எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. இரண்டு மூன்று மாதமாகியும் குறையாமல் இருந்தால், சாப்பிடுவதும் எடையும் குறைந்தால், விளையாடுவதையே விட்டுவிட்டால், குழந்தைகள் மருத்துவரிடம் பேசுங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. மருந்து அளவுகள் எல்லாம் பழசாகிவிட்டன. அடுத்த பக்கத்தில், யானைக்கு இடது பின்னங்கால் என்று எழுதியதை மகள் அடித்துவிட்டு 'வலது' என்று திருத்தியிருக்கிறாள். ஆயாம்மாவிடம் போனில் கேட்டோம். தன் பேரனுக்குத் தினமும் வலது கால் என்றுதான் சொல்கிறாராம்.